பத்து வேளை, ஆறு ஊர்: கொஞ்ச லீவில் கோயில் ஊர்களைப் பங்கு போடுவது எப்படி

கணக்கு இதுதான். வெள்ளி இரவு சென்னையில் ரயில் ஏறுகிறோம், திங்கள் செவ்வாய் புதன் மூன்று நாள் லீவு, வியாழன் காலை மறுபடி ஆபீஸ். கையில் ஐந்து பகல். மனதிலோ சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை, ராமேஸ்வரம் என்று ஆறு ஊர் வரிசைகட்டி நிற்கிறது. ஊருக்கு ஒரு நாள் போட்டால்கூட ஒரு நாள் உதைக்கும்.

முதல் தடவை நான் அப்படித்தான் போட்டேன். ஒரு வெள்ளைத்தாளில் ஆறு ஊரையும் எழுதி, எதிரே நேரம் போட்டு, கார் பேசி, ஐந்து நாளில் எல்லாவற்றையும் அடித்துப்பிடித்துப் பார்த்தோம். கும்பகோணத்தில் சாரங்கபாணி கோயில் வாசலில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. பூக்கடை அம்மா எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நடை சாத்தியாச்சு தம்பி, இனிமே நாலு மணிக்குத்தான்" என்றார். நாலு மணிக்கு நாங்கள் தஞ்சையில் இருக்க வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தது. கோபுரத்தைத் தெருவிலிருந்தே கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். ஊர் திரும்பி போட்டோவைப் பார்த்தபோது எது தாராசுரம், எது கங்கைகொண்ட சோழபுரம் என்று அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும்தான்.

அதன்பிறகு இரண்டு முறை போய்வந்ததில் கிடைத்த முறையைத்தான் கீழே எழுதுகிறேன். நீங்கள் வேறு ஊர்களுக்குப் போவதாக இருந்தாலும் வழி இதேதான், மணிக்கணக்கு மட்டும் மாறும்.

1. நாளை எண்ணாதீர்கள், வேளையை எண்ணுங்கள்

தமிழ்நாட்டுக் கோயில் ஊர்களில் ஒரு நாள் என்பது உண்மையில் இரண்டு துண்டு. காலை ஆறு, ஆறரையிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்று, மாலை நாலிலிருந்து எட்டு, எட்டரை வரை இன்னொன்று. நடுவில் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள். மதுரையிலும் அப்படித்தான், தஞ்சையிலும் அப்படித்தான். சிதம்பரத்தில் மாலை திறக்க இன்னும் கொஞ்சம் தாமதமாகும். ஆக ஐந்து பகல் என்பது பத்து வேளை. தாளில் பத்துக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இனி எல்லாவற்றையும் இந்தப் பத்துக்குள்தான் அடைக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை வேளை வேண்டும் என்று எழுதுங்கள். ஆசைப்பட்டு எழுதாமல், நிதானமாக நடந்து பார்த்தால் எவ்வளவு ஆகுமோ அதை எழுதுங்கள். என் கணக்கு இது: சிதம்பரம் கோயிலுக்கு ஒன்று, பிச்சாவரம் படகுக்கு ஒன்று. கும்பகோணத்தில் ஊருக்குள் இருக்கும் கோயில்களுக்கு ஒன்று, தாராசுரமும் சுவாமிமலையும் சேர்த்து ஒன்று, கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒன்று. தஞ்சைக்கு இரண்டு. திருச்சியில் ஸ்ரீரங்கம் ஒன்று, மலைக்கோட்டை ஒன்று. மதுரைக்கு மூன்று. ராமேஸ்வரத்துக்கு இரண்டு, போவதற்கே தனியாக ஒன்று. கூட்டினால் பதினைந்து. கையில் பத்து.

அந்த ஐந்து எங்கே போகும் என்பதுதான் மொத்த விஷயமும். பலர் இந்த இடத்தில் ஊரை வெட்டாமல் நேரத்தை வெட்டுகிறார்கள். தஞ்சைக்கு ஒன்றரை மணி நேரம், ஸ்ரீரங்கத்துக்கு ஒரு மணி நேரம் என்று. ஸ்ரீரங்கத்துக்கு ஏழு பிராகாரம். ஒரு மணி நேரத்தில் செருப்பு விட்ட இடத்தைத்தான் கண்டுபிடிக்க முடியும்.

2. ஆளுக்கு ஒன்று கேளுங்கள், ஒன்றே ஒன்று

வெட்டுவதற்கு முன் கூட வருபவர்களிடம் பேசிவிடுங்கள். "எங்கெல்லாம் போகணும்?" என்று கேட்டால் பட்டியல் அனுமார் வால் மாதிரி நீளும். "இந்தப் பயணத்தில் எதைப் பார்க்காவிட்டால் உனக்கு மனசு ஆறாது?" என்று கேட்டால் ஆளுக்கு ஒன்றுதான் வரும். எங்கள் வீட்டில் அத்தைக்கு (மனைவியின் அம்மா) திருநாகேஸ்வரத்தில் ராகு காலப் பாலாபிஷேகம். மனைவிக்கு மீனாட்சி கோயில், அதுவும் இரவு பள்ளியறை பூஜை. எனக்குத் தாராசுரம், இந்தத் தடவையாவது. பையனுக்கு தனுஷ்கோடி, அரிச்சல்முனையில் ரோடு முடிகிற இடத்தில் நின்று போட்டோ.

நான்கில் மூன்று ஒரே பாதையில் விழுந்தன. தனுஷ்கோடி விழவில்லை. அதைப் பற்றிக் கீழே.

யாராவது ராமேஸ்வரத்துக்குப் பித்ரு காரியத்துக்காகப் போவதாக இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். ராமேஸ்வரத்தை முதலில் வையுங்கள், மற்றதெல்லாம் மிச்சமிருக்கும் வேளைகளில்.

3. எந்த ஊரை வெட்டுவது

"முக்கியமில்லாத ஊரை வெட்டு" என்று சுலபமாகச் சொல்லலாம். ஆனால் இந்த ஆறில் முக்கியமில்லாதது எது? சிதம்பரத்தை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. நான் பார்ப்பது வேறு: எந்த ஊருக்குத் திரும்பப் போவது சுலபமோ அதை வெட்டுவேன். சென்னையிலிருந்து சிதம்பரம் 220 கிலோமீட்டர் சொச்சம். ஒரு சனி ஞாயிறில் பிச்சாவரத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, காலையில் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சுவும் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். லீவே போட வேண்டாம். லீவு போட்டுக் கிடைத்த வேளையை அதில் ஏன் செலவழிக்க வேண்டும்? வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது; அவர்களுக்கு எல்லா ஊரும் ஒரே தூரம்.

ராமேஸ்வரத்தை வெட்டியதற்குக் காரணம் வேறு. மதுரையிலிருந்து 170 கிலோமீட்டருக்கு மேல். போனால் ஒரு இரவு தங்கியே ஆக வேண்டும், ஏனென்றால் ஸ்படிக லிங்க தரிசனம் விடியற்காலை ஐந்து மணிக்கு. 22 தீர்த்தத்திலும் நீராடி, ஈரத்துணி மாற்றி, தரிசனம் முடிக்க ஒரு காலை முழுக்க வேண்டும். தனுஷ்கோடிக்கு மாலை இருட்டும் முன் போய்த் திரும்ப வேண்டும். அது ஒரு தனிப் பயணம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்து ரயில் மறுபடி தீவுக்குள் போக ஆரம்பித்துவிட்டதால், சென்னையிலிருந்து இரவு ரயிலில் நேராகப் போய் நேராகத் திரும்பலாம். பையனிடம் இதைச் சொல்லி, பாலத்தின் மேல் ரயிலில் போகலாம் என்றதும் தனுஷ்கோடியை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிவைக்கச் சம்மதித்தான். தள்ளிவைத்ததை ஒரு தேதியோடு தள்ளிவையுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் உங்கள் பேச்சுக்கு மரியாதை போய்விடும்.

சிதம்பரம் இரண்டு, ராமேஸ்வரம் மூன்று, போயிற்று ஐந்து. மிச்சம் பத்து. ஆனால் ஊர் விட்டு ஊர் போகும் நேரத்தை நாம் இன்னும் சேர்க்கவேயில்லை.

4. நடை சாத்திய நேரத்தில் ஊர் மாறுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டிலிருந்து நாலு வரை எப்படியும் சும்மா இருக்கும் நேரம். கல் தரை கொதிக்கும், கோயில் மூடியிருக்கும், சாப்பிட்டதும் கண் சொருகும். பயணத்தை அதற்குள் அடைத்துவிட்டால் ஊர் மாறுவதற்கு ஒரு வேளைகூடச் செலவாகாது. கும்பகோணம் – தஞ்சை 40 கிலோமீட்டர், தஞ்சை – திருச்சி 55, 60, எல்லாம் அடங்கும். திருச்சி – மதுரை 135 கிலோமீட்டர் இருந்தாலும் நாலுவழிச் சாலை, இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம், அதுவும் அடங்கும். மதுரை – ராமேஸ்வரம் அடங்காது. அதனால்தான் அதற்குத் தனியாக ஒரு வேளை போட்டேன்.

நகராத நாட்களில் மத்தியான நேரத்துக்கு, கூரைக்கு அடியில் பார்க்கிற இடங்களை வையுங்கள்: தஞ்சையில் அரண்மனை, அங்கே இருக்கும் சோழர்காலச் செப்புத் திருமேனிகள், சரஸ்வதி மகால் நூலக அருங்காட்சியகம், மதுரையில் திருமலை நாயக்கர் மகால், 1636இல் கட்டியது, அந்தத் தூண்களுக்கு நடுவே நின்றால் வெயில் என்று ஒன்று வெளியே இருப்பதே மறந்துபோகும். மதுரைக்குப் பக்கத்தில் கீழடி அருங்காட்சியகமும் இருக்கிறது, 2023இல் திறந்தது. இவற்றில் சிலவற்றுக்கு வார விடுமுறை உண்டு. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அல்லது தூங்குங்கள். கேலிக்குச் சொல்லவில்லை. பெரியவர்கள் கூட வந்தால் மத்தியானத் தூக்கம் இல்லாமல் மாலை வேளை ஓடாது.

5. கிழமையைப் பாருங்கள், தினசரி காலண்டரைக் கிழிக்காமல் பாருங்கள்

லீவுக்கு எழுதிக்கொடுக்கும் முன்பே சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரை எடுத்து அந்த ஐந்து நாளையும் புரட்டுங்கள். முகூர்த்த நாளா? அப்படியென்றால் சுவாமிமலையிலும் திருப்பரங்குன்றத்திலும் கல்யாணக் கூட்டம். பிரதோஷமா? தஞ்சைப் பெரிய நந்திக்கு அபிஷேகம், பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் அன்று மாலை அமைதியாகச் சிற்பம் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். சனிக்கிழமை திருநள்ளாறு, வியாழன் ஆலங்குடி, ஞாயிறு திருநாகேஸ்வரம் என்று நவக்கிரகக் கோயில்களுக்கு ஒவ்வொரு கிழமை. அத்தைக்கு ராகு காலம்தான் வேண்டும், ஞாயிறு ராகு காலம் மாலை நாலரை முதல் ஆறு. ஆக எங்கள் ஞாயிறு மாலை என்பது நான் முடிவு செய்ததே இல்லை, தானாக விழுந்தது. இப்படி அசையாத கட்டங்களை முதலில் நிரப்பிவிட்டால் மற்றவை சுலபம்.

ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் முடிப்பது தனிக் கலை. விடியற்காலை கிளம்பி இரவுவரை காரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த நாளில் வேறு எதுவும் நடக்காது. இந்தப் பயணத்தோடு அதைச் சேர்க்காதீர்கள்.

மாதமும் முக்கியம். ஐப்பசி கார்த்திகையில் டெல்டாவில் மழை பிடித்துக்கொள்ளும். கார்த்திகை பிறந்ததிலிருந்து தை பிறக்கும்வரை ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் எல்லாப் பெரிய கோயில் வாசலிலும் நிற்கும். சித்திரைத் திருவிழாவில் மதுரையில் ரூம் கிடைக்காது; திருவிழாவுக்காகவே போனால் ஒழிய அப்போது போகாதீர்கள். 2028இல் கும்பகோணத்தில் மகாமகம் வேறு வருகிறது. பொங்கல் முடிந்து, தை பின்பாதி, மாசி – இதுதான் என் தேர்வு.

6. எங்கே தங்குவது, எத்தனை முறை பெட்டி கட்டுவது

நாலு இரவுக்கு நாலு லாட்ஜ் வேண்டாம். ஒவ்வொரு முறை பெட்டி கட்டுவதும், ரூம் சாவி வாங்குவதும், குளியலறையில் சுடுதண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம். நாங்கள் கும்பகோணத்தில் இரண்டு இரவு, தஞ்சையில் ஒன்று, மதுரையில் ஒன்று என்று வைத்தோம். திருச்சியில் தங்கவில்லை, போகிற வழியில் ஒரு காலை கொடுத்தோம். தஞ்சையிலும் தங்காமல் கும்பகோணத்திலேயே மூன்று இரவும் இருந்துவிடலாமே என்று கேட்டால், இருக்கலாம்தான். ஆனால் பெரிய கோயிலை இரவு எட்டு மணிக்குப் பார்த்துவிட்டு ஆட்டோவில் பத்து நிமிடத்தில் படுக்கைக்குப் போவது ஒரு சுகம்.

ரூம் போடும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "செக்-அவுட் 24 மணி நேரமா, மத்தியானம் 12 மணியா?" இரவு ரயிலில் போய் விடிகாலை இறங்குபவர்களுக்கு இதில்தான் வாழ்வே இருக்கிறது. 24 மணி நேரக் கணக்கு என்றால் ஐந்து மணிக்கே ரூமுக்குள் போய்க் குளித்து, ஏழு மணிக்கு முதல் வேளையைத் தொடங்கிவிடலாம். 12 மணி கணக்கு என்றால் ரிசப்ஷன் சோபாவில் பல்கூட விளக்காமல் உட்கார்ந்திருக்க நேரும், அல்லது ஒரு நாள் வாடகை கூடுதலாகும். ஒரு ஊரில் எங்களிடம் போனில் ஒன்று சொல்லி, நேரில் வேறு சொன்னார்கள். அதிலிருந்து வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிவிடுகிறேன்.

7. போன வழியே திரும்பாதீர்கள்

கும்பகோணத்தில் இறங்கி மதுரையில் ஏறுங்கள். போக உழவன் எக்ஸ்பிரஸ், இரவு எழும்பூரில் ஏறினால் விடியுமுன் கும்பகோணம். வர பாண்டியன் எக்ஸ்பிரஸ், இரவு மதுரையில் ஏறினால் காலையில் எழும்பூர். இரண்டு இரவும் ரயிலில் கழிவதால் பத்து வேளையும் முழுசாக மிஞ்சுகிறது. காரில் சென்னையிலிருந்தே போனால் போகவர இரண்டு வேளையாவது போகும், ஓட்டுபவருக்கு முதுகும் போகும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், திறந்த அன்றே போட்டுவிடுங்கள். பாண்டியனில் இடத்துக்கு அவ்வளவு போட்டி. தட்கலை நம்பி லீவு போடாதீர்கள்.

ஊருக்குள் பஸ்ஸே போதும். கும்பகோணம் – தஞ்சை பஸ்ஸுக்குக் காத்திருக்கவே வேண்டாம். கார் வேண்டியது இரண்டே முறை: கங்கைகொண்ட சோழபுரம் போகும் காலைக்கு, பிறகு தஞ்சையிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்கு. இரண்டாவதற்கு ஒருவழி டிராப் பேசுங்கள். காத்திருக்கும் நேரத்துக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா அதில் சேர்ந்ததா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

8. கட்டங்களை நிரப்புவது: எங்கள் பத்து வேளை

சனி காலை, கங்கைகொண்ட சோழபுரம். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாக 35 கிலோமீட்டர், எட்டு மணிக்குள் அங்கே இருந்தால் நல்லது, பத்தரைக்கு மேல் அந்தக் கல்தளத்தில் வெறுங்காலோடு நடக்க முடியாது. பையில் ஆளுக்கு ஒரு ஜோடி பழைய சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். பையன் நெருப்பு மிதித்தவன் மாதிரி குதித்துக்கொண்டே போனதைப் பார்த்தபிறகு நான் கற்றது. வடக்கு வாசல் பக்கம் சண்டேச அனுக்கிரக மூர்த்தி இருக்கிறார்: சிவன் உட்கார்ந்தபடி, கீழே கைகூப்பியிருக்கும் சண்டேசர் தலையில் பூமாலையைச் சுற்றிக் கட்டுகிறார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குத் தலைவாரிப் பூவைக்கும் அம்மாவின் விரல்கள் மாதிரி இருக்கும் அந்த விரல்கள். இது ஒன்றுக்கே அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

சனி மாலை, கும்பகோணம் ஊருக்குள் நடை. சாரங்கபாணி, கும்பேஸ்வரர், ராமசாமி கோயில், நடுவில் பித்தளை டபராவில் டிகிரி காபி. இந்த முறை சாரங்கபாணி திறந்திருந்தது.

ஞாயிறு காலை, தாராசுரம், பிறகு சுவாமிமலை. தாராசுரம் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, சின்னக் கோயில், அதனால்தான் எல்லாரும் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். குனிந்து பாருங்கள். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில், சாண் அளவுகூடத் தேறாத கட்டங்களில் நாயன்மார் கதைகள் வரிசையாக ஓடுகின்றன. முன்மண்டபத்துக்குத் தேர்ச்சக்கரமும் குதிரையும். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பத்தைப் பையனிடம் காட்டினால், கையால் பாதியை மறைத்து மறைத்துப் பத்து நிமிடம் அங்கேயே நிற்பான். எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

ஞாயிறு மாலை, திருநாகேஸ்வரம், பக்கத்தில் ஒப்பிலியப்பன், இருட்டும் நேரத்தில் திருபுவனம். திருபுவனத்தில் சோழர் கோயிலும் இருக்கிறது, பட்டுச் சேலையும் இருக்கிறது. எது முதலில் என்பது உங்கள் வீட்டைப் பொறுத்தது.

திங்கள் காலையும் மாலையும் தஞ்சை. ஒரே கோயிலுக்கு இரண்டு வேளையா என்று கேட்பீர்கள். ஆமாம். கோயில் கிழக்குப் பார்த்தது, காலை ஏழரைக்கு வெயில் விமானத்தின் முகத்தில் நேராக விழும், ஆளும் இருக்காது, 1010இல் கட்டி முடித்த கோயிலின் கல்வெட்டு எழுத்துகளை அடித்தளத்தில் விரலால் தொடாமல் கண்ணால் தடவிக்கொண்டே சுற்றலாம். மாலையில் அதே கல் மஞ்சளாக மாறும், ஊரே குழந்தைகுட்டியோடு வந்து புல்தரையில் உட்கார்ந்திருக்கும். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால், காலையில் மேற்குப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டுங்கள், நன்றாகவே விழுகிறது.

செவ்வாய் காலை ஆறுக்குக் கிளம்பி ஸ்ரீரங்கம், பிறகு திருவானைக்கா. ஆனைக்காவில் உச்சிக்கால பூஜைக்கு அர்ச்சகர் சேலை உடுத்தி, அம்பாளாகவே வந்து பூஜை செய்கிறார். மற்ற கோயில்கள் மூடத் தொடங்கும் நேரத்தில் நடப்பது இது, அதனால் வேளைக்கணக்கில் இலவசம். மலைக்கோட்டையை விட்டோம். நானூறு படிக்கு மேல், அத்தையின் முழங்காலுக்கு ஆகாது. அதற்குப் போட்டிருந்த வேளைதான் திருநாகேஸ்வரத்துக்குப் போயிற்று. பிறகு மதுரைக்குச் சாலை.

செவ்வாய் மாலை மதுரையில் ஓய்வு, ஒரு ஜிகர்தண்டா, ஒன்பது மணிவாக்கில் பள்ளியறை பூஜை. சுந்தரேஸ்வரரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, மீனாட்சி சன்னதிக்குக் கொண்டுவருவார்கள். நாதஸ்வரமும் சாம்பிராணிப் புகையும் அந்தப் பிராகாரத்தில் சேர்ந்து வரும்போது கூட்டமே பேசுவதை நிறுத்திவிடும். இதனால்தான் மதுரையில் ஒரு இரவு கட்டாயம். போனை ரூமிலேயே வைத்துவிடுங்கள், உள்ளே அனுமதியில்லை.

புதன் காலை மறுபடி மீனாட்சி, மத்தியானம் நாயக்கர் மகால், மாலை திருப்பரங்குன்றம்.

9. ஒரு வேளையாவது உதைக்கும்

மழை, காய்ச்சல், ரயில் தாமதம், திடீரென்று யாகசாலை போட்டுச் சுற்றிவர முடியாத கோயில், ஏதாவது ஒன்று வரும். தனியாக ஒரு வேளையைக் காலியாக வைக்கலாம், ஆனால் பத்தில் ஒன்றைக் காலியாக விட எனக்கு மனம் வராது. பதிலாக, போனாலும் பரவாயில்லை என்கிற வேளை எது என்று முன்பே முடிவு செய்து தாளில் வட்டம் போட்டுவிடுங்கள். எங்களுக்கு அது புதன் மாலை. உண்மையில் அப்படியே ஆயிற்று. மகாலிலிருந்து திரும்பியதும் பையனுக்குத் தலைவலி, அத்தைக்குக் கால் வீக்கம். திருப்பரங்குன்றத்தை விட்டுவிட்டு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பருத்திப்பால் வாங்கிக் குடித்துவிட்டு, நாலு முழம் மல்லிகையோடு பாண்டியனில் ஏறிப் படுத்தோம். செங்கல்பட்டு தாண்டும்போது விழித்தேன், பெட்டி முழுக்க அந்த வாசனைதான்.